ஐந்தலை மலை வழக்கு

வெள்ளிக்கிழமைதோறும் பொழுது விடியும் நேரத்தில் இணக்க மன்றத்தின் வண்டி ஐந்தலை மலையின் அடிவாரத்துக்கு வந்து நிற்கும். அதிலிருந்து கணவனும் மனைவியுமாக இறங்குவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையில் நின்று, தங்கள் கால்களைக் கழற்றிக் காவலரின் மேசைமேல் வைத்துவிட்டு, மலை ஏறத் தொடங்குவார்கள்.

கால்கள் என்று அடிவாரத்துக்காரர்கள் சொன்னது நடைப்பொறிகளை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஓடும் மெல்லிய உலோகச் சட்டம் அது. அந்தக் காலத்தில் குழந்தைக்குக் காது குத்தும் அன்றே கால்பூட்டும் நடத்திவிடுவார்கள். மொய், விருந்து, மாமன் சீர் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாக முடிந்துவிடும். அதன்பின் நடப்பதும் ஏறுவதும் பொறியின் வேலை. உள்ளே இருக்கும் சொந்தக் கால்கள் வெயில் படாமல் வெளுத்து, முள்ளங்கிபோல் மெலிந்து கிடக்கும். அவற்றை வெளியே காட்டுவதற்கே மனிதர்கள் கூச்சப்பட்டார்கள்.

அப்படிப்பட்ட கால்களோடுதான், விவாகரத்து கேட்டவர்கள் ஒரே பகலில் ஐந்து மலைமுடிகளையும் கடக்க வேண்டும். ஒரு காலத்தில் அது வெறும் விளையாட்டுப் போட்டியாக இருந்தது. தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, ஐந்தலையை ஒரு பகலில் நடந்து முடித்து, பதக்கத்தைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நடக்கும் கால்கள் இல்லாமல் போனதும் போட்டி நின்றுபோனது. பாதை மட்டும் மிஞ்சியது. குடும்ப வழக்குகள் மலைபோல் குவிந்து, வக்கீல்களும் நீதிபதிகளும் கைவிட்டபிறகு, மன்றம் அந்தப் பாதையை எடுத்துக்கொண்டது.

மன்றத்தில் தீர்ப்புச் சொல்வது மனிதர் அல்ல. நடுவன் என்று பெயரிடப்பட்ட பேரறிவுப் பொறி. வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்பது அதன் கொள்கை. அதனால் கணவன் மனைவி பேசுவதை அது கணக்கில் எடுக்கவே எடுக்காது. எல்லோருடைய மணிக்கட்டுத் தோலுக்கடியிலும் பிறந்தவுடன் பதிக்கப்படும் நாடிமணி என்ற சிறு விதை, இதயத்துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும் அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மேலே தும்பி என்ற சிறு பறவைப்பொறி பறந்தபடி படம்பிடிக்கும். ஒவ்வொரு முடியிலும் ஒரு கல்தூண் உண்டு. அதன் இருபுறமும் உள்ள தகடுகளில் இருவரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் மணி அடிக்கும். பொழுது சாய்வதற்குள் ஐந்து மணிகளும் அடித்தால்தான் நடுவன் வழக்கைக் கையில் எடுக்கும். அடிக்காவிட்டால் மனு செத்துப்போகும். ஏழு ஆண்டுகளுக்கு மறுபடி போட முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை வண்டியில் பூங்கோதை முன் இருக்கையிலும், அவள் கணவன் கார்வண்ணன் கடைசி இருக்கையிலும் வந்தார்கள்.

பூங்கோதை முகில்வலை நிலையத்தில் பொறியாளர். மலைக்கணவாயில் கட்டிய பெரிய வலைகளில் மேகத்தைச் சிக்கவைத்துத் தண்ணீர் எடுக்கும் வேலை. கார்வண்ணன் போடிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய் பறிக்கும் எந்திரங்களை மேய்ப்பவன். கல்யாணமாகி நாலைந்து ஆண்டுகள் பெரிய சண்டை ஒன்றும் இல்லாமல்தான் ஓடியது.

நிலவில் குடியேறியவர்களின் ஊரான நிலாக்குடியில் தண்ணீர்ப் பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள். விண்ணப்பித்திருந்த பூங்கோதையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வர விருப்பமா என்று கேட்டு வீட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். அந்த வாரம் அவள் புயலில் கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டு மலைமேல் இருந்தாள். வீட்டில் அவளுடைய குரல்நகல் இருந்தது. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஆள் இல்லாத நேரத்தில் அவர் குரலிலேயே பேசி, பால்காரருக்கும் உறவினருக்கும் பதில் சொல்லும். கார்வண்ணன் அதனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அது பூங்கோதையின் குரலில், பூங்கோதையின் பணிவோடு, எனக்கு வர விருப்பமில்லை என்று சொல்லியது. கப்பல் போய்விட்டது.

ஏன் மறுத்தீர்கள் அம்மா என்று மறு ஆண்டு நிலாக்குடிக்காரர்களே வருத்தத்தோடு கேட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே ஒரு பெட்டியோடு நிலையத்துக் குடியிருப்புக்குப் போய்விட்டாள்.

இப்போது இரண்டாம் முறையாக அழைப்பு வந்திருந்தது. மழைக்காலம் முடிந்ததும் கப்பல். ஆனால் நிலாக்குடியில் ஒரு விதி இருந்தது. தனியாளாக வரலாம், அல்லது தம்பதியாக வரலாம். துணையைப் பூமியில் விட்டுவிட்டு வர முடியாது. அப்படி விட்டுவந்தவர்களின் வழக்குகளால் அவர்கள் முன்பே அவதிப்பட்டிருந்தார்கள். ஆகவே விவாகரத்து கிடைத்தால் நிலவு, இல்லையென்றால் ஏழு ஆண்டுகளுக்கு இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து அவர்கள் கேட்கும் வயதை அவள் தாண்டியிருப்பாள்.

அதற்காகவே பல மாதங்களாக அவள் யாருக்கும் தெரியாமல் நடைப்பொறியைக் கழற்றிவைத்துவிட்டு, வலைக்கோபுரத்தின் படிகளில் ஏறிப் பழகியிருந்தாள். முதல் நாட்களில் குழந்தைபோல் தவழ்ந்தாள். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. இப்போது அவள் கெண்டைக்காலில் கொஞ்சம் சதை இறுகியிருந்தது. கார்வண்ணன் எதையும் பழகவில்லை. விவாகரத்தில் அவனுக்கு விருப்பமில்லை. அவன் ஜெயிக்க எதுவும் செய்யத் தேவையும் இல்லை. வழியில் உட்கார்ந்தாலே போதும்.

காவலர் லூர்துமேரி இருவருடைய பொறிகளையும் கழற்றினாள். எத்தனையோ ஜோடிகளைப் பார்த்துச் சலித்த கை.

"தண்ணி நெறையக் குடிங்க. சண்டையெல்லாம் எறக்கத்துல வச்சுக்குங்க. ஏத்தத்துல போட்டா மூச்சு வாங்கும்" என்றாள்.

சூரியன் கிழக்கே எட்டிப் பார்த்தது. தும்பி அவர்கள் தலைக்குமேல் வந்து நின்றது.

முதல் ஏற்றம் முழுக்கப் பாறைப்படி. பூங்கோதை பழகிய மூச்சோடு ஏறினாள். கார்வண்ணன் பின்னால் கைகளை ஊன்றி வந்தான். அவன் கால்கள் அவனுடைய பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் நிஜமான களைப்பு எது, வேண்டுமென்றே செய்யும் தாமதம் எது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் அவன் நின்று பள்ளத்தாக்கை வேடிக்கை பார்த்தான். காலணியைக் கழற்றி, இல்லாத கல்லை உதறினான். முதல் தூணருகே அவள் ஒரு தகட்டில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றாள். அவன் வந்து, தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, கடைசியில் போனால் போகிறது என்பதுபோல் மறு தகட்டில் கையை வைத்தான். மணி அடித்தது.

இரண்டாம் முடிக்கு வழி சோலைக்காட்டுக்குள் போனது. இரவு பெய்த மழையில் இலைச்சருகு ஊறிக் கிடந்தது. அட்டைகள் இலை நுனியில் எழுந்து நின்று ஆடின. நடைப்பொறி போட்ட காலத்தில் அட்டைக்கு மனிதக் கால் கிடைத்ததே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கிடைத்தது. இருவர் காலிலும் ரத்தம் வழிந்தது. நின்று பிடுங்க நேரமில்லை என்று அவள் நடந்தாள். ஒவ்வொரு அட்டையாக நிதானமாக உட்கார்ந்து பிடுங்கினான் அவன்.

இரண்டாம் மணி அடித்தபோது வெயில் ஏறிவிட்டது. மூன்றாம் முடிக்கு மரமே இல்லை. வெறும் எலுமிச்சைப்புல்லும் சுட்ட பாறையும். காற்று எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. பாதி ஏற்றத்தில் கார்வண்ணன் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டான். பையிலிருந்து புளிச்சோற்றை எடுத்துப் பிரித்தான். பூங்கோதை மேலேயிருந்து இறங்கி வந்து அவன் முன் நின்றாள். எழுந்திருக்கச் சொன்னாள். அவன் சாப்பிட்டபடியே, தனக்குக் கால் வரவில்லை என்றும், முடியாதவனை மன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னான். வேண்டுமானால் நீ ஒருத்தியாகப் போய் மிச்ச மூன்று தூணையும் தடவிவிட்டு வா என்றான்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அன்னைக்கு அவங்க கூப்பிட்டப்ப, முழுசாக் கேட்டீங்களா நீங்க?"

எதை என்றான்.

"அந்த அழைப்ப. நான் எழுதிப் போட்டது ஒருத்திக்கு இல்ல. ரெண்டு பேருக்கும். அங்கிட்டும் தோட்டம் போடுறாங்க, எந்திரம் மேய்க்க ஆள் வேணும்னு உங்க பேரையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன். அவங்க அதையும் சொல்லியிருப்பாங்க. கேட்டீங்களா?"

கார்வண்ணனின் கை சோற்றிலேயே நின்றது. அவன் கேட்டிருக்கவில்லை. நிலாக்குடி என்ற சொல் வந்ததுமே, இவள் என்னை விட்டுப் போகிறாள் என்று அவனுக்குள் ஏதோ இறுகிவிட்டது. மீதியைக் கேட்காமல் குரல்நகலை ஏவிவிட்டான்.

அந்த இடத்தில் ஒரு சொல் போதுமாக இருந்திருக்கும். தப்பு செய்துவிட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால், அவள் மன்னித்திருக்கமாட்டாள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வெட்கம் அவன் வாயை வேறு பக்கம் திருப்பியது. இரண்டு ஆண்டுகளாக நீ இல்லாமல் நான் ஒன்றும் செத்துப்போகவில்லை என்றான். வீட்டில் அவளுடைய குரல்நகலை இன்னும் வைத்திருப்பதாகவும், சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்தால் அதனோடுதான் பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். சாப்பிட்டாச்சா என்று அது கேட்கும். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாது.

"உன்னைவிட அது நல்லாவே பேசுது" என்றான்.

பூங்கோதைக்கு முதலில் அது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தன் குரலைத் திருடி ஒரு முறை பொய் சொன்னான் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அந்தக் குரல் அந்த வீட்டில் இன்னும் அவனோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. தன்னைக் கேட்காமல், தன் பெயரில், தினமும். கல்யாணமான நாள்முதல் அவனை அவள் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. வீட்டைவிட்டு வந்த அன்றுகூட, நல்லா இருங்க என்றுதான் சொன்னாள்.

"அப்ப அதையே வச்சுக்க நீ" என்றாள். "என்னை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்க? உனக்குப் பொண்டாட்டி வேணாம். பதில் சொல்ல ஒரு குரல் வேணும். அதான் வீட்டுல இருக்குல்ல. என்னை விடு."

அவள் கத்தவில்லை. ஆனால் 'நீ' என்ற அந்த ஒரு எழுத்து அவனுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வாங்க போங்க என்பது மிச்சமிருக்கும்வரை எல்லாம் மிச்சமிருக்கிறது என்று அவன் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான். அது போய்விட்டது. சோற்றைப் பாறையில் கொட்டிவிட்டு எழுந்தான். அவன் முகம் கறுத்திருந்தது.

"சரி. முடிச்சுவிட்டுருவோம். இன்னைக்கே. உன் மூஞ்சியில முழிக்கிற பாவம் இன்னையோட தொலையட்டும்" என்றான்.

அதன்பின் அவர்கள் நடந்த நடையை அந்தப் பாதை அதற்குமுன் பார்த்திருக்காது. அவனுக்குக் கால் இல்லை, ஆனால் வெறி இருந்தது. அவளுக்குக் கால் இருந்தது, இப்போது வெறியும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் தூணில் இரண்டு கைகளும் ஒரே நொடியில் விழுந்தன. இறக்கத்தில் அவள் பிடிமானமுள்ள கல்லைக் கண்டுபிடித்துக் கால்வைத்தால், அவன் பின்னாலேயே அதே கல்லில் கால்வைத்தான். ஓடையில் தண்ணீர் இடுப்பளவு வந்தது. அவன் முன்னே இறங்கி ஒரு கழியை நீட்டினான். அவள் கையைத் தொடாமல் கழியை மட்டும் பிடித்தாள். கரை ஏறியதும் கழியை வீசி எறிந்தான். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. போகும் வழியெல்லாம், மூச்சு கிடைக்கும்போது, ஒருவரையொருவர் ஏசினார்கள். அவன் அவளுடைய தாய்வீட்டை இழுத்தான். அவள் அவன் அக்காவை இழுத்தாள். நான்காம் மணி அடித்தபோது நேரம் கையில் இருந்தது. இந்த வேகத்தில் போனால் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று இருவருக்கும் தெரிந்தது. அன்றைக்கு இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்த முதல் சந்தோஷம் அது.

நான்காவது முடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு புல்சரிவு. பார்க்க மெத்தைபோல் இருக்கும், காலை வைத்தால் எண்ணெய்போல் வழுக்கும். பூங்கோதை வழுக்கினாள். உருண்டு போய் ஒரு பாறையில் மோதி நின்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள். இடது கணுக்கால் அவளோடு எழவில்லை. அது வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தும்பி கீழே இறங்கி அவள் முகத்துக்கு எதிரே வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டது. வேண்டும் என்றால் மீட்பு வண்டி வரும், வலிக்கு மருந்து வரும், மனு செத்துப்போகும். வேண்டாம் என்றாள். தும்பி மறுபடி மேலே போய் நின்றது.

கார்வண்ணன் அவளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டிருந்தான். திரும்பிப் பார்த்தான். காலையிலென்றால் அவன் அப்படியே உட்கார்ந்திருப்பான், ஜெயித்திருப்பான். இப்போது அவள் தவழ ஆரம்பித்ததைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், புல்லைப் பிடித்துப் பிடித்துத் தவழ்ந்தாள். அந்த வேகத்தில் இருட்டுவதற்குள் முடி வராது. ஏழு ஆண்டுகள். இன்னும் ஏழு ஆண்டுகள் இவளுக்குக் கணவன் என்ற பெயரோடு இருப்பதை நினைத்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இறங்கி வந்து அவள் முன் முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"ஏறு."

"உன் முதுகுல ஏறுறதுக்கு நான் செத்துரலாம்."

"அதைக் கீழ போய்ச் செய். இப்ப ஏறு."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உப்புமூட்டை தூக்குவதுபோல் அவளைத் தூக்கினான். நான்கு எட்டு வைப்பதற்குள் அவன் தொடைகள் வெடவெடவென்று ஆடின. அவனுக்கு வழி தெரியவில்லை. கண்ணில் வியர்வை இறங்கி உப்பாகக் குத்தியது. இரண்டு கையும் அவளைப் பிடித்திருந்ததால் துடைக்க வழியில்லை. அவள் தன் மேல்துண்டால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். கண் தெரியாமல் இவன் விழுந்தால் தானும் விழுவோம் என்பதால் துடைத்தாள். இடதுபக்கம் கல் ஆடுகிறது, வலதுபக்கம் வா, இப்போது நில், மூச்சு விடு, இப்போது போ என்று காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் அவள் சொன்ன இடத்தில் சொன்னபடி காலை வைத்தான். வழியில் அவன் மண்டியிட்டு விழுந்தபோது தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவன் வாயில் ஊற்றினாள். அதைக் குடித்துவிட்டு, "சனியனே" என்றான். "எந்திரிடா" என்றாள். எழுந்தான்.

மேற்கே சூரியன் மலைமுதுகைத் தொட்டபோது ஐந்தாம் தூண் எதிரே நின்றது. அவன் அவளை இறக்கிவைக்காமலே ஒரு கையை நீட்டினான். அவள் அவன் தோளுக்குமேல் சாய்ந்து மறு பக்கத் தகட்டில் கை வைத்தாள். மணி அடித்தது. இருவரும் அப்படியே தரையில் சரிந்தார்கள். பூங்கோதைக்கு அழுகை வந்தது. வலியினால் அல்ல. கப்பல் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

தூணை அடுத்து ஒரு கல்மண்டபம். அங்கேதான் தீர்ப்புச் சொல்லப்படும். மறுபக்கத்து வண்டிப்பாதை வழியாக வந்து காத்திருந்த லூர்துமேரி இருவரையும் உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்து, பூங்கோதையின் காலில் கட்டுப்போட்டு ஊசியும் போட்டாள். ஊரில் சொந்தக்காரர்கள் எல்லோரும் தும்பியின் படத்தை வீட்டுச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவன் பேசியது. மீசை வைத்த, சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்ட ஒரு பெரிய மனிதரின் குரல் அதற்கு.

"ஐந்து மணிகளும் அடித்தன. வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. நடுப்பகல்வரை இருவர் உடலிலும் இணக்கம் இல்லை. அதன்பின் இருவரின் இதயமும் ஒரே தாளத்தில் துடித்திருக்கிறது. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவரும் வாங்கியிருக்கிறார். இருவர் காலும் ஒரே கல்லில் பட்டிருக்கிறது. மனைவி விழுந்ததும் கணவர் திரும்பி வந்து சுமந்திருக்கிறார். மனைவி அவர் முகத்தைத் துடைத்து, தன் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார். இந்த மலையில் இதுவரை நடந்த தம்பதிகளில் இவ்வளவு இணக்கம் பதிவானதில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

கார்வண்ணன் எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே சொன்னான். அவளைத் தூக்கியது அன்பினால் அல்ல, ஒழிந்து போகட்டும் என்றுதான். வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தோம், வேண்டுமானால் தும்பியைக் கேளுங்கள் என்றான். சொற்கள் சாட்சியமாக ஏற்கப்படுவதில்லை என்றது நடுவன்.

"மேல்முறையீடு" என்றாள் பூங்கோதை. அதே நொடியில் கார்வண்ணனும் அதையே சொன்னான்.

"சொல்லை ஏற்க இயலாது. இருவரும் ஒரே நொடியில் சொன்னதைக் குறித்துக்கொள்கிறேன்" என்றது நடுவன். "இனி மன்றத்தின் அறிவுரை. சிறு சிறு மனக்கசப்பு எந்தக் குடும்பத்திலும் இருப்பதுதான். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள். தனிக்குடித்தனம் இருந்து பார்த்தால் பல பிரச்சினைகள் தீரும். மனைவிக்கு நிலாக்குடியில் வேலை காத்திருப்பதாகத் தெரிகிறது. தம்பதியாக இருவரும் அடுத்த கப்பலில் அங்கே சென்று குடித்தனம் நடத்த உத்தரவிடப்படுகிறது. அங்கே ஒரு குழந்தை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்."

மண்டபத்தில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. தான் எதற்காக இந்த மலையில் ஏறினாளோ அது கையில் வந்து விழுந்திருப்பதையும், எதிலிருந்து தப்ப ஏறினாளோ அதுவும் அதோடு கட்டப்பட்டு விழுந்திருப்பதையும் பூங்கோதை மெதுவாக உணர்ந்தாள். நிலாக்குடியில் தம்பதிக்கு ஓர் அறை. கதவைத் திறந்து வெளியே போய்விட முடியாது. வெளியே காற்று இல்லை.

"இதையெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டாள்.

நடுவன் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் சொன்னது. தன்னை உருவாக்கியவர்கள் எதையும் தனியாகச் சொல்லித்தரவில்லை என்றது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களில் நடந்த பஞ்சாயத்துகள், மகளிர் காவல் நிலையச் சமரசங்கள், கல்யாண மண்டபங்களின் பின்னறைப் பேச்சுகள், அத்தைகளும் மாமாக்களும் தொலைபேசியில் சொன்ன புத்திமதிகள் எல்லாம் தனக்குக் கொடுக்கப்பட்டதாம். அவ்வளவிலும் அனுசரித்துப் போ, தனிக்குடித்தனம் போ, குழந்தை பெற்றுக்கொள் என்ற மூன்று அறிவுரைகள்தான் திரும்பத் திரும்ப வந்தனவாம். அத்தனை பேர் அனுபவத்தில் சொன்னது தவறாக இருக்க வாய்ப்பில்லை என்பது அதன் முடிவு.

பூங்கோதை கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படிச் சொன்னவங்க யாராச்சும், அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு திரும்பி வந்து பார்த்தாங்களா?"

"அந்தத் தரவு என்னிடம் இல்லை" என்றது நடுவன்.

மழை விட்டதும் கப்பல் புறப்பட்டது. சொந்தக்காரர்கள் தாம்பாளத்தில் பழமும் புடவையும் வைத்துச் சீர் கொண்டுவந்து வழியனுப்பினார்கள். நிலாக்குடியில் கொடுத்த அறையின் நடுவே பூங்கோதை ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள். அவள் பனிக்கட்டிச் சுரங்கத்துக்குப் போனாள். அவன் கண்ணாடித் தோட்டத்துக்குப் போனான். பேச்சு இல்லை. ஆனால் வெளியே போகும்போது போடும் காற்றுச்சட்டையை அங்கே யாரும் தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது. முதுகுப் பூட்டுகளை இன்னொருவர்தான் மாட்ட வேண்டும். தினம் காலையில் அவள் அவனுடைய பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து மாட்டினாள். அவனும் அவளுடையதை மாட்டினான். ஒன்று தளர்ந்திருந்தாலும் போகும் உயிரோடு கொலைவழக்கும் வரும் என்பது இருவருக்கும் தெரியும். கைகள் ஒவ்வொரு முறையும் நடுங்கின. நாடிமணிகள் அந்த நடுக்கத்தையும் ஒரே தாளமாகக் கண்டு கீழே அனுப்பின. ஆண்டு முடிவில் நிலாக்குடியின் மிக இணக்கமான தம்பதி என்று அவர்களுக்கு ஒரு கேடயம் கொடுத்து, சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

அந்தப் படம் போடிக்கு வந்து சேர்ந்த வாரத்தில் கார்வண்ணனின் அக்கா வேலம்மாளின் மகள் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். கன்னத்தில் ஒரு கன்றிய தடம் இருந்தது. இனி அங்கே போகமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். வேலம்மாள் தடத்தைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"ஓன் மாமனும் அத்தையும் போடாத சண்டையா? மலையேறி மன்றம் வரைக்கும் போனவுக. இப்பப் பாரு, எப்படி இருக்காகன்னு. ரெண்டு நாள் இருந்துட்டுக் கெளம்பு. கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும்."